பாட்டு முன்னே போகும், படம் பின்னே வரும்

அன்பார்ந்த வானொலி நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

மேடையில் பாடி நடிக்கப்படும் இசை நாடகங்கள் ஏன் திரும்பத் திரும்பத் திரைப்படங்களாக எடுக்கப்படுகின்றன என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். மேடையில் நன்றாக நடந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பெரும் பணம் செலவழித்து வேறொரு வடிவத்துக்கு மாற்றுவானேன் என்ற இந்தக் கேள்வி எனக்குச் சிறு வயதில் ஒரு சினிமாக் கொட்டகையிலிருந்து வீடு திரும்பும் வழியில் எழுந்தது. அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவன் நான். என் தந்தையார் ஆர்மோனியக்காரர். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா தொடங்கிவிட்டால் தெருக்கூத்துக்கு வாசிப்பார். எங்காவது வள்ளி திருமணமோ அரிச்சந்திர மயான காண்டமோ ஸ்பெஷல் நாடகமாக, அதாவது பல ஊர் நடிகர்களை ஓரிரவுக்குச் சேர்த்து நடத்தும் நாடகமாக, வைத்தால் அதற்கும் போய் வாசிப்பார். மற்ற நாள்களில் ராகிக் கொல்லையில் வேலை. விடியற்காலையில் மாடு பூட்டிக் கிணற்றுக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கும்போது பாடிக்கொண்டே இருப்பார். மாடுகள் சரிவில் இறங்கித் தண்ணீர்ச் சால் மேலே வரும்போது அவர் குரல் ஏறும். மாடுகள் பின்னடித்து மேலே வரும்போது குரல் இறங்கும். "காயாத கானகத்தே" என்ற பாட்டு எனக்கு அப்படித்தான் பாடமாயிற்று. தினைப்புனத்தில் நிற்கும் வள்ளியைப் பார்த்து வேடனாக வந்த முருகன் பாடும் பாட்டு அது என்பதோ, அதை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள் என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. அது எங்கள் கிணற்றங்கரைப் பாட்டு என்றே நினைத்திருந்தேன்.

ஒரு கோடையில், பக்கத்து ஊருக்கு வந்திருந்த டூரிங் டாக்கீஸில் 1945-ஆம் ஆண்டின் பழைய படமான 'ஸ்ரீவள்ளி'யை ஓட்டினார்கள். தந்தையார் என்னை மிதிவண்டியின் முன்கம்பியில் உட்காரவைத்து அழைத்துச் சென்றார். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்திருந்தோம். டி. ஆர். மகாலிங்கம் திரையில் வாயைத் திறந்து எங்கள் கிணற்றங்கரைப் பாட்டைப் பாடத் தொடங்கியபோது கொட்டகை முழுவதும் கூடவே பாடிற்று. பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர் தொடையில் தாளம் போட்டார். என் தந்தையாரைத் திரும்பிப் பார்த்தேன். காசு கொடுத்துப் படம் பார்க்க வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில், "தர்க்கத்தை ரொம்பக் குறைச்சுட்டாங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார். வள்ளிக்கும் நாரதருக்கும், வள்ளிக்கும் வேடனுக்கும் நடக்கும் வாதம்தான் வள்ளி திருமண நாடகத்தின் உயிர். நல்ல நடிகர்கள் இருவர் வாய்த்துவிட்டால் அது விடியும் வரை நீளும். நாடகத்தில்தான் எல்லாம் முழுதாக இருக்கிறதே, பிறகு எதற்குப் படம் எடுத்தார்கள் என்று நான் கேட்டேன். "பாட்டு ஊரெல்லாம் போயிடுச்சு கண்ணு. அது போன ஊருக்கெல்லாம் நாடகம் போக முடியுமா?" என்றார். பிற்காலத்தில் நான் ஆசிரியர் வேலை பார்த்து, நாடகம் பற்றியும் சினிமா பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்து, அயல்நாட்டு இசை நாடகங்களின் வரலாற்றையும் புரட்டிப் பார்த்த பிறகும், அந்த விடையைவிடச் சரியான விடை எனக்குக் கிடைக்கவில்லை. இன்று நான் செய்யப்போவது அதை விரித்துச் சொல்வது மட்டுமே.

நாடகம் இடத்தோடும் இரவோடும் கட்டுண்டது. கொட்டகைக்கு வர முடிந்தவர்களுக்கு மட்டுமே அது உண்டு, விடிந்தால் முடிந்தது. பாட்டுக்கு அந்தக் கட்டு கிடையாது. நாடகம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் வாயிலேயே அது புறப்பட்டுவிடும். 1867 முதல் 1922 வரை வாழ்ந்த சங்கரதாஸ் சுவாமிகள், தமிழ் இசை நாடகத்துக்கு ஒழுங்கான பாட்டும் வசனமும் எழுதிக் கொடுத்தவர். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஏற்படுத்திச் சிறுவர்களைப் பயிற்றுவித்தவர். அவருடைய பாட்டுகள் அச்சிட்ட சிறு புத்தகங்களாகத் திருவிழாக் கடைகளில் விற்றன; இசைத்தட்டுகளாக வசதியுள்ளவர்கள் வீட்டுக்குள் நுழைந்தன; மீதியிருந்த ஊர்களுக்கு ஆர்மோனியக்காரர்கள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நாடகத்தை ஒரு முறைகூடப் பார்த்திராத ஆயிரக்கணக்கானவர்கள் பாட்டை அறிந்திருந்தார்கள். பாட்டை அறிந்தவருக்கு, அதைப் பாடுகிறவர் எப்படி இருப்பார், எந்த இடத்தில் நின்று யாரைப் பார்த்துப் பாடுவார் என்று காண வேண்டுமென்ற ஆவல் எழாமல் இருக்காது. திரைப்படம் தொடக்கத்திலிருந்தே அந்த ஆவலுக்குத்தான் விடையளித்து வருகிறது.

எஸ். ஜி. கிட்டப்பாவை நினைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டும்படி உச்சஸ்தாயியில் பாடிய அந்த மேதை, தமிழ்ப் படம் பேசத் தொடங்கிய இரண்டே ஆண்டுகளில், 1933-இல், இளம் வயதிலேயே மறைந்துவிட்டார். அவருடைய குரலை இசைத்தட்டுகள் காப்பாற்றிக் கொடுத்தன. அவர் மேடையில் நடந்த நடையையும், வள்ளியைப் பார்த்த பார்வையையும் எதுவும் காப்பாற்றவில்லை. அவரோடு மேடையில் இணைந்து பாடிய கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள், அவர் மறைந்த துயரத்தில் மேடையைவிட்டே ஒதுங்கியிருந்தபோது, 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடிக்க ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் கொடுத்து அழைத்து வந்தார்கள். அந்நாளில் ஒரு லட்சம் என்பது எவ்வளவு பெரிய தொகை என்பதை முதியவர்கள் அறிவார்கள். ஊர் ஊராகப் பரவியிருந்த ஒரு குரலுக்கு ஒரு முகத்தைக் காட்டுவதற்கு முதலாளிகள் கொடுக்கத் துணிந்த விலை அது. நந்தனார் கதையும் புதிதன்று. கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனைகள் வழியாக அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டின் நெஞ்சில் ஏறியிருந்த கதைதான்.

சினிமா பேசத் தொடங்கிய காலத்தில் இந்த நெருக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1931 அக்டோபர் 31-இல் வெளிவந்த 'காளிதாஸ்' முதல் தமிழ்ப் பேசும்படம் என்று போற்றப்படுகிறது. அதில் நடித்த டி. பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர். பின்னணிப் பாட்டு என்ற முறை அப்போது இல்லை. நடிக்கிறவரே காமிராவின் முன் நின்று பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் காமிராவின் கண்ணில் படாதபடி ஓரத்தில் மறைந்திருந்து வாசிக்க வேண்டும். பாடவும் நடிக்கவும் பழகியவர், நீண்ட வசனத்தை மறக்காமல் சொல்லக்கூடியவர், கூட்டத்தின் முன் நடுங்காதவர் வேண்டுமென்றால் நாடகக் கம்பெனியைத் தவிர வேறு எங்கே போவது? ஆளோடு கதையும் பாட்டும் மெட்டும் சேர்ந்தே வந்தன. 1933-இல் 'வள்ளி திருமணம்' படமாயிற்று. 1934-இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய 'பவளக்கொடி'யில், அதே நாடகத்தை மேடையில் நடித்துக்கொண்டிருந்த எம். கே. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் திரையிலும் அதே வேடங்களில் தோன்றினார்கள். ஏறத்தாழ 50 பாட்டுகள் அந்தப் படத்தில் இருந்தன. வடக்கிலும் இப்படித்தான்: 1931-இல் வந்த 'ஆலம் ஆரா' என்ற இந்திப் பேசும்படம் பார்ஸி நாடகத்திலிருந்து பிறந்தது, அடுத்த ஆண்டின் 'இந்திரசபா' ஏறத்தாழ 70 பாட்டுகளோடு ஒரு பழைய உருது நாடகத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தது. இவ்வளவு பாட்டுகளை இன்றைய பார்வையில் மிகையென்று தள்ளிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. மக்கள் கேட்க வந்தது அவற்றைத்தான்.

இப்போது கடல் கடந்து போவோம். பிராட்வே என்றால் நம்மவர்களுக்குச் சென்னையின் பழைய பேருந்து நிலையம்தான் நினைவுக்கு வரும். அமெரிக்கர்களுக்கு அது நியூயார்க் நகரத்தின் நாடக அரங்குகள் நெருங்கி நிற்கும் பகுதி. அங்கே 1956-இல் அரங்கேறிய 'மை ஃபேர் லேடி' என்ற இசை நாடகத்துக்கு முதல் போட்டவர்கள் யார் தெரியுமா? கொலம்பியா இசைத்தட்டுகளை வெளியிட்டுவந்த சி.பி.எஸ். நிறுவனத்தார். நாடகம் நியூயார்க்கில் நடக்கும், அதன் பாட்டுகளை நாடெங்கும் தட்டுகளாக விற்கலாம் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள், கணக்குத் தவறவில்லை. நாடகம் 2,717 முறை நடந்தது; தட்டுகள் அதற்குள் அமெரிக்காவின் மூலைமுடுக்கெல்லாம் போய்விட்டன. பிறகு வார்னர் படநிறுவனம் அந்த நாடகத்தைப் படமாக்கும் உரிமைக்கு மட்டும் 55 லட்சம் டாலர் கொடுத்தது. படமே எடுக்காமல், வெறும் உரிமைக்கு! கதை பெர்னார்ட் ஷாவின் நாடகத்திலிருந்து வந்த பழைய கதை. அவ்வளவு விலை, லட்சக்கணக்கான வீடுகளில் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்த அந்தப் பாட்டுகளுக்காகக் கொடுக்கப்பட்டது என்றே நான் எண்ணுகிறேன். என் தந்தையார் மிதிவண்டியில் சொன்ன விடையை அமெரிக்க முதலாளிகள் டாலரில் எழுதியிருக்கிறார்கள்.

அந்த ஆண்டுகளில் ஹாலிவுட்டுக்கு ஒரு நெருக்கடியும் இருந்தது. தொலைக்காட்சிப் பெட்டி வீட்டுக்குள் வந்துவிட்டதால் தியேட்டருக்கு வரும் கூட்டம் குறைந்தது. சிறு பெட்டியில் காட்ட முடியாத ஒன்றைக் காட்டியாக வேண்டும். 1943-இல் அரங்கேறி 2,212 முறை நடந்த 'ஓக்லஹோமா' இசை நாடகத்தை 1955-இல் படமாக்கியபோது, டாட்-ஏஓ என்ற புதிய அகன்ற படச்சுருளில் எடுத்தார்கள். அந்த வசதி எல்லாத் தியேட்டர்களிலும் இல்லாததால், ஒவ்வொரு காட்சியையும் சினிமாஸ்கோப் என்ற வேறோர் அகன்ற திரை முறையில் மறுபடியும் நடிக்கவைத்து இரண்டாம் முறை எடுத்தார்கள். புதிய கருவியைச் சோதித்துப் பார்க்கும்போது கதையும் பாட்டும் புதிதாக இருந்தால் இரட்டை ஆபத்து. ஆண்டுக்கணக்கில் மக்கள் முன் பாடித் தேர்ந்த பாட்டு கையில் இருந்தால் ஒரு பாதி அச்சம் நீங்கிவிடும். மேடை என்பது படமுதலாளிக்கு ஒரு நெடுநாள் ஒத்திகை. எந்தப் பாட்டுக்குக் கைதட்டல் எழுகிறது, எந்த இடத்தில் சபை நெளிகிறது என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

ஆனால் பணக் கணக்கு மட்டுமே இதற்குக் காரணம் என்று சொன்னால் பாதி உண்மையை மறைத்தவனாவேன். மேடையால் முடியாததைச் செய்யும் ஆசை கலைஞர்களுக்கும் உண்டு. 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' 1959-இல் மேடையேறியது. ஆஸ்திரியாவின் மலைகளைப் பற்றிப் பாடும் நாடகம், நியூயார்க் அரங்கில் வரைந்த திரைகளின் முன்னே நடந்தது. 1965-இல் ராபர்ட் வைஸ் எடுத்த படம், மேகங்களுக்கு மேலிருந்து ஆல்ப்ஸ் மலைத் தொடரைக் காட்டிக்கொண்டே இறங்கி வந்து, பச்சைப் புல்வெளியில் கைகளை விரித்துச் சுழலும் ஒரு பெண்ணிடம் வந்து நிற்கிறது. பாட்டு பாடிக்கொண்டிருந்த மலை அப்போதுதான் கண்ணுக்கு முன்னே வந்தது. அதே படத்தில் இன்னொரு மாற்றமும் செய்தார்கள். மனத்துக்குப் பிடித்த சிறு சிறு பொருள்களை அடுக்கிப் பாடும் ஒரு பாட்டு, மேடையில் கன்னிமாடத்துத் தலைவியோடு கதாநாயகி மரியா பாடுவதாக இருந்தது. இடியும் மின்னலுமான இரவில் பயந்துபோய் ஓடிவரும் குழந்தைகளுக்கு அவள் வேறொரு பாட்டைப் பாடுவாள். படத்தில் அந்தப் பிடித்த பொருள்களின் பாட்டைத் தூக்கி இடி இரவில் வைத்தார்கள். பயப்படும் குழந்தைக்குத் தாய் சொல்லும் ஆறுதலாக அது மாறிற்று. இன்று உலகம் அந்தப் பாட்டை அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறது. மேடைக்குப் பிறகு பாட்டுக்குக் கிடைத்த இரண்டாம் பிறவி என்று இதைச் சொல்வேன். 1957-இன் மேடை நாடகமான 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' 1961-இல் படமானபோதும் இப்படியொன்று நடந்தது: மேடையில் பெண்கள் மட்டும் தமக்குள் பாடிக்கொண்ட 'அமெரிக்கா' என்ற பாட்டு, படத்தில் ஆண்களும் பெண்களும் எதிரெதிரே நின்று வாதிடும் பாட்டாயிற்று. நம் வள்ளி திருமணத் தர்க்கத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சியின் சுவை உடனே பிடிபடும்.

மேடைக்கு இல்லாத இன்னொரு வலிமை, முகத்தின் அருகே போவது. விக்டர் ஹியூகோவின் நாவலிலிருந்து வந்த 'லே மிசெராப்ல' இசை நாடகத்தின் ஆங்கில வடிவம் 1985-இல் லண்டனில் தொடங்கியது. 2012-இல் படமாக்கியபோது, முன்னரே ஒலிப்பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, நடிகர்கள் காதுக்குள் ஒலித்த பியானோவைக் கேட்டுக்கொண்டு படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே பாடினார்கள். எல்லாவற்றையும் இழந்த ஒரு பெண் தன் கனவைப் பற்றிப் பாடும்போது காமிரா அவள் முகத்தைவிட்டு அகலவே இல்லை. மூச்சு தடுமாறுவதும், சொல் பாதியில் உடைவதும் தெரிகின்றன. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்று பாடும் மேடைப் பாடகர் அப்படி முணுமுணுக்க முடியாது. முதல் காலத் தமிழ்ப் படங்களில் பாட்டுகள் நேரடியாகவே பாடப்பட்டன என்பதை நினைக்கும்போது, எண்பது ஆண்டு சுற்றி வந்து பழைய வழியை மறுபடி பிடித்திருக்கிறார்கள் என்ற நிறைவு எனக்கு ஏற்பட்டது.

குரலும் முகமும் பிரிந்துபோன கதைகளும் உண்டு. 'மை ஃபேர் லேடி'யை மேடையில் பாடி நிலைநாட்டிய ஜூலி ஆண்ட்ரூஸைப் படத்தில் சேர்க்கவில்லை. திரையில் புகழ்பெற்ற ஆட்ரி ஹெப்பர்னை நடிக்கவைத்து, பெரும்பாலான பாட்டுகளை மார்னி நிக்சன் என்ற பாடகியின் குரலில் பதிவு செய்தார்கள். நம் 'ஸ்ரீவள்ளி'யிலும் வள்ளியாக நடித்த ருக்மிணியின் பாட்டுக்குப் பதிலாகப் பி. ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நின்று பாடியவருடைய வியர்வையைப் பார்த்து வளர்ந்த என் தந்தையாருக்கு இது கடைசி வரை ஒப்பவில்லை. எனக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை. பெரியநாயகியின் குரல் கிடைத்ததற்கு நன்றியே சொல்வேன்.

படமாக்குவதால் எல்லாம் நன்றாக முடிந்துவிடுகிறதா என்றால், இல்லை. 1981-இல் தொடங்கி லண்டனில் 21 ஆண்டுகள் ஓடிய 'கேட்ஸ்' என்ற இசை நாடகம், 2019-இல் படமாக வந்து பெருந்தோல்வி அடைந்தது. மேடையில் மனிதர்கள் பூனை வேடம் போட்டு ஆடினார்கள். பார்க்கிறவர்கள் தம் மனத்தில் மீதிப் பூனையைச் சேர்த்துக்கொண்டார்கள். படத்தில் நடிகர்களின் உடம்பெல்லாம் கணினியால் பூனை மயிரை முளைக்கவைத்து அருகில் காட்டினார்கள். மக்கள் முகம் சுளித்தார்கள். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கூத்தில் அர்ச்சுனன் மிருதங்கக்காரரின் பலகையை ஒரு சுற்று சுற்றி வந்தால் காட்டைக் கடந்துவிட்டான் என்று பொருள். கட்டைக் கிரீடமும் புஜக்கட்டையும் கண்ணாடிச் சில்லும் அரிதாரமும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் சேரும்போது, பகலில் நம்மோடு டீ குடித்துக்கொண்டிருந்த ஆள் துரியோதனனாகிவிடுகிறார். உண்மையான காட்டையும் உண்மையான அரண்மனையையும் கொண்டுவந்து அங்கே வைத்தால் அந்தத் துரியோதனன் சிறுத்துப்போவான். 1975-இன் 'சிகாகோ' நாடகத்தை 2002-இல் படமாக்கியவர்கள் இந்தச் சிக்கலை நன்கு உணர்ந்திருந்தார்கள்; பாட்டுகள் பெரும்பாலும் கதாநாயகியின் மனத்துக்குள் இருக்கும் ஒரு மேடையில் நடப்பதாக அமைத்துக்கொண்டார்கள். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருது அதற்குக் கிடைத்தது.

மேடைக்காரர்கள் நாடகத்தைப் படமாக்கத் தயங்குவதும் உண்டு. படம் வந்துவிட்டால் அரங்குக்கு யார் வருவார்கள் என்ற அச்சம்தான்.  2003-இல் மேடையேறிய 'விக்கிட்' என்ற அமெரிக்க இசை நாடகம் 2024-இல்தான் திரைக்கு வந்தது. அங்கே அந்த அச்சம் பெரும்பாலும் பொய்யாயிற்று. படம் பார்த்தவர்கள் மேடையைத் தேடி வந்தார்கள்.

இங்கே நடந்ததை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. அங்கே நாடக அரங்கு பெருநகரத்தில், அதிக விலைச் சீட்டோடு, ஒரு பெருமைக்குரிய இடமாக நின்றது. இங்கே அதே பாட்டோடும் அதே கதையோடும், அதே பாகவதரோடும், நாடகத்தைவிட மலிவான விலையில், நாடகம் நடந்த அதே ஊரின் வாசலுக்கே டாக்கீஸ் வந்து இறங்கிற்று. ராஜபார்ட் என்ற கதாநாயக நடிகர்களும் ஸ்திரீபார்ட் என்ற நாயகி வேட நடிகர்களும் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ், கோயமுத்தூர், சென்னை என்று ஸ்டூடியோக்களின் வாசலில் போய் நின்றார்கள். நாடகக் கொட்டகைகள் பல சினிமாக் கொட்டகைகளாயின. பாட்டைத் தொடர்ந்து வந்த படம், பாட்டு புறப்பட்ட வீட்டைப் பூட்டிவிட்டது. ஸ்பெஷல் நாடகம் மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் இன்றும் கோயில் திருவிழாக்களை நம்பி உயிரோடிருக்கிறது. எங்கள் பகுதியில் என் தந்தையார் வாசித்த இசை நாடகங்கள் அருகிவிட்டன.

கூத்து மட்டும் நிற்கிறது. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் இன்றும் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும், இரவில் கூத்தும், இடையே அர்ச்சுனன் தபசு மரமும், கடைசியில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் படுத்திருக்கும் படுகளமும் நடந்து வருகின்றன. இசை நாடகத்தைப் போலக் கூத்து ஏன் திரைக்குப் போகவில்லை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அதன் பாட்டு அன்றன்று கூத்தை நடத்தும் வாத்தியாரின் வாயிலும் பின்பாட்டுக்காரர்களின் வாயிலும் நீண்டும் குறுகியும் பிறப்பது. தட்டுக்குள் அடங்கும் மூன்று நிமிடப் பாட்டாக அது என்றுமே சுருங்கவில்லை. ஆகவே அது ஊரைவிட்டு முன்னே போகவுமில்லை, அதைத் தேடிப் படக்காரர்கள் வரவுமில்லை.

அதைக் கதைப் படமாக மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அமெரிக்காவில் 'ஹாமில்டன்' என்ற இசை நாடகத்தை 2016-இல் அரங்கத்திலேயே, அதே நடிகர்களோடு, சபையார் அமர்ந்திருக்கப் படம் பிடித்து வைத்திருந்து, 2020-இல் எல்லோரும் வீட்டிலிருந்தே பார்க்கும்படி வெளியிட்டார்கள். மேடையைக் காமிராவிடம் அழைத்துப் போகாமல், காமிராவை மேடைக்கு அழைத்து வந்தார்கள். எங்கள் பகுதியின் பதினெட்டு நாள் பாரதத்தை, ஒரு கோயிலில், ஒரு ஜமாவின், அதாவது ஒரு கூத்துக் குழுவின், ஆட்டமாக, முதல் நாள் தொடங்கிப் படுகளம் வரை, நல்ல ஒலிப்பதிவோடு யாராவது அப்படி எடுத்து வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் வேண்டுகோள். கிட்டப்பாவின் நடையை இழந்ததைப் போல இன்னும் எத்தனை பேரின் நடையை நாம் இழப்பது?

சென்ற ஆண்டு எங்கள் ஊர்த் திருவிழாவில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கர்ணன் வரும் இரவு. இருவர் திரையைப் பிடித்திருந்தார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி. கீழே சலங்கை கட்டிய இரண்டு கால்கள். நடுவில் இருப்பவர் தெரியவில்லை. முகவீணை என்ற சிறு குழல் எடுத்துக் கொடுக்க, திரைக்குப் பின்னாலிருந்து கர்ணன் தன் பிறப்பைச் சொல்லிப் பாடத் தொடங்கினார். முன்வரிசைச் சாக்கில் உட்கார்ந்திருந்த பத்து வயதுப் பையன் ஒருவன் அவன் அம்மாவின் செல்போனை உயர்த்திப் பிடித்தான். திரை விலகுவதற்கு முன்பே போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அவனுக்குக் கிடைத்தது, அசைகிற ஒரு சிவப்புத் துணியும், இரண்டு கால்களும், ஒரு பாட்டும்.

மறுநாள் காலை டீக்கடையில் இரண்டு போன்களில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருவர் வாத்தியாரைக் கூப்பிட்டு, கர்ண மோட்சம் என்றைக்கு என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை என்றார். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு, தோளில் பையோடு, ஓசூரிலிருந்து வந்த பேருந்தில் அவர்கள் இறங்கினார்கள். அவர்களோடு, எங்கள் ஊரை அதுவரை பார்த்திராத நண்பர்கள் மூன்று பேரும் இறங்கினார்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.